வெள்ளை மூடி இடது, கறுப்பு மூடி வலது

கடைத்தெருவில் அவனுக்குக் கிடார் என்று பெயர். வாசிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்க வேண்டாம், அவன் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. இடது கையை மடக்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, வலது கை விரல் நாலையும் சேர்த்து முழங்கை மடிப்பில் அவன் வறட் வறட் என்று இழுக்கிற தோரணையைத் தூரத்திலிருந்து பார்த்தால், யாரோ கச்சேரிக்கு முன்னால் சுருதி கூட்டுகிறார்கள் என்றுதான் தோன்றும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. கட்டிய மனைவியே கோபம் வந்தால் "வாங்க கிடாரே" என்பாள். அவனுக்கு அதில் வருத்தம் கிடையாது. "நல்லவேளை, மேளம்னு வைக்கல. ரெண்டு கையாலயும் சொறியறதை எவனும் பாக்கல போல" என்பான்.

சொறி அவனோடு கூடப் பிறந்தது. அம்மா சொல்லும் கணக்குப்படி, பிறந்த பிள்ளையை நர்ஸ் கையில் வாங்கியதும் அது அழவில்லையாம், முதல் வேலையாகக் கன்னத்தைச் சொறிந்துவிட்டு அப்புறம்தான் அழுததாம். கைக்குழந்தையாக இருந்தபோது இரண்டு கைக்கும் காலுறையை மாட்டிக் கட்டி வைப்பார்கள். காலையில் பார்த்தால் காலுறையில் ஓட்டை விழுந்து விரல் எட்டிப் பார்க்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருநாள் பொறுக்க முடியாமல், "நீ ஒரு கையால எழுதற, இன்னொரு கையால சொறியற. எழுதறதுலதான் தேற மாட்டேங்கற" என்றார். சொன்னது பலித்தது. எழுத்து பாதியில் நின்றது, சொறி மேல்படிப்புக்குப் போனது.

வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. ரத்தம் சூடு என்றார் ஒருவர். ரத்தம் கெட்டுவிட்டது என்றார் இன்னொருவர். சூடான ரத்தம் எப்படிக் கெடும் என்று கிடார் குழம்பிப் போனான். மாமா கத்தரிக்காயை நிறுத்தச் சொன்னார், அத்தை மீனை நிறுத்தச் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரர் பாலையும் முட்டையையும் நிறுத்தச் சொன்னார். எல்லாரும் சொன்னதை ஒரே சமயத்தில் கடைப்பிடித்த மாதத்தில் அவன் வெந்நீரும் பெருமூச்சும் சாப்பிட்டு உயிர் வாழ்ந்தான். உடம்பு பாதியாகச் சுருங்கியது. சொறி மட்டும் இருந்த அளவு அப்படியே இருந்தது. "ஆள் இளைச்சுட்டேன், அதுக்கு இடம் பத்தல, நெருக்கி உக்காந்துக்கிச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

இப்படிப்பட்டவன் போய்ச் சேர்ந்த வேலை கைக்கடிகாரக் கடையில்.

நீளமான கண்ணாடி மேஜை, அடியில் விளக்கு, விளக்கு வெளிச்சத்தில் வரிசையாகக் கடிகாரங்கள், எல்லாமே பத்து மணி பத்து நிமிஷம் காட்டிக்கொண்டு நிற்கும். முள் அப்படி விரிந்திருந்தால் கடிகாரம் சிரிப்பது போல இருக்குமாம், முதலாளியின் அப்பா சொல்லிவிட்டுப் போனது. அவர் விட்டுப்போன இன்னொரு சட்டமும் உண்டு. வாங்க வருகிறவன் பணம் கட்டும் வரைக்கும் கடிகாரத்தைத் தன் கையில் கட்டிப் பார்க்கக் கூடாது. பட்டையில் வேர்வை பட்டுவிடும். அதனால் விற்கிறவன்தான் தன் இடது மணிக்கட்டில் கட்டி, விளக்குக்குக் கீழே இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்ட வேண்டும். அந்தக் கடையில் விற்பனையாளன் என்றால் பாதி வாய், பாதி மணிக்கட்டு.

வாயில் கிடாரை அடிக்க ஆள் கிடையாது. பழைய கடிகாரத்துக்குப் பட்டை மாற்ற வந்தவனிடம் புதுக் கடிகாரத்தை விற்று, பழைய பட்டையையும் அவன் தலையிலேயே கட்டி அனுப்புவான். அப்போதெல்லாம் அவன் சொறி முழங்கை மடிப்பு, முழங்கால் பின்பக்கம், கழுத்து என்று சட்டைக்குள் அடக்கமாகக் குடியிருந்தது. ஒரு கோடையில் அதற்கு என்ன தோன்றியதோ, மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு இரண்டு மணிக்கட்டுக்கும் குடி வந்தது. தோல் தடித்து, சிவந்து, வெடித்து, தண்ணீர் வற்றிய ஏரி மாதிரி ஆனது.

ஒருநாள் கல்யாணம் நிச்சயமான பெண்ணும் பையனும் கடிகாரம் பார்க்க வந்தார்கள். கிடார் விலை உயர்ந்த ஒன்றை எடுத்துத் தன் கையில் கட்டி, விளக்கடியில் ஒரு திருப்புத் திருப்பினான். பெண் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே பார்த்தாள். பிறகு பையனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டாள்.

முதலாளி கூப்பிட்டார்.

"என்னடா அது கையில?"

"பிறவிச் சொத்து முதலாளி. ஒட்டாது. எத்தனை வருஷமா குடும்பம் நடத்தறேன், என் பொண்டாட்டிக்கே ஒட்டல."

"அவளுக்கு நீ ஒட்டினதே போதாதா, இது வேறயா? ஒட்டாதுன்னு வாங்க வர்றவனுக்குத் தெரியுமா? கழுத்துல போர்டு எழுதி மாட்டிக்கிறியா?"

"எழுதலாம் முதலாளி, ஆனா நான் எழுதினா எழுத்துப் பிழை வரும்."

முதலாளி சிரிக்கவில்லை. அன்றைக்கே கிடாரைச் சுவர்க் கடிகாரப் பகுதிக்கு நாடு கடத்திவிட்டார். அது கடையின் கடைசி மூலை. ஒரு பக்கம் கழிப்பறைக் கதவு, இன்னொரு பக்கம் காலி அட்டைப்பெட்டிகள், நடுவில் ஒரு ஏணி. "சுவர்க் கடிகாரம் விக்க மணிக்கட்டு வேணாம், சுவர் இருந்தா போதும். என்னைப் பாத்தா அவருக்குச் சுவர் மாதிரி தெரிஞ்சிருக்கு" என்று மனைவியிடம் சொன்னான். சொல்லிவிட்டு அன்று அவன் சிரிக்கவில்லை.

கைக்கடிகார மேஜைக்கு முதலாளியின் அக்கா மகன் வந்தான். முதலாளிக்கு மகளைக் கொடுக்கும் எண்ணம் இருந்ததால் கடையில் எல்லாருக்கும் அவன் மாப்பிள்ளை. வாழைத்தண்டு மாதிரி வெள்ளையாக, வழவழவென்று அவனுக்கு ஒரு மணிக்கட்டு. ஆண்டவன் அதைச் செய்து முடித்த களைப்பில் வாயைக் கொடுக்க மறந்துவிட்டான். இந்தக் கடிகாரத்துக்கும் அந்தக் கடிகாரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், "ரெண்டும் நல்லா ஓடும்" என்பான். அதற்கு மேல் ஒரு சொல் வராது. மூலையில் ஏணிமேல் நின்று இதைக் கேட்கும் கிடாருக்கு உடம்பில் சொறி இல்லாத இடங்களும் சேர்ந்து அரித்தன.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி பெரிய சாலையில் இரண்டாவது கடை திறக்க ஏற்பாடு செய்தார். மாடி முழுக்கக் கைக்கடிகாரம். அதற்கு ஒரு தலைமை விற்பனையாளன் வேண்டும். கிடார் நேரே போய் நின்றான்.

"முதலாளி, அந்த மேஜையை எனக்குக் குடுங்க."

முதலாளி அவன் வாயை ஒரு தட்டிலும் மணிக்கட்டை ஒரு தட்டிலும் வைத்து எடைபோடுகிற மாதிரி பார்த்தார். "திறப்பு அன்னிக்குக் காலையில கையைக் காட்டு. சுத்தமா இருந்தா உனக்கு. இல்லேன்னா மாப்பிள்ளைக்கு. அப்புறம் நீ ரிடையர் ஆகற வரைக்கும் சுவரோட சுவரா இருக்க வேண்டியதுதான். என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

அதுவரை மாமா, அத்தை, பக்கத்து வீடு என்று எல்லாரிடமும் வைத்தியம் கேட்டவன், முதல் தடவையாகப் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போனான். அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் அவனுக்கு ஒரே சந்தோஷம். ஆளுக்கு ஒரு கிடார் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா கண்ணாடி போட்ட, சட்டென்று சிரித்துவிடுகிற பெண். கையை விளக்கின் கீழே வைத்துப் பார்த்தார்.

"ரத்தம் கெட்டுப் போச்சுங்களா டாக்டரம்மா?"

"ரத்தத்தை விட்டுடுங்க, பாவம், அது என்ன பண்ணிச்சு? வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா? ஆஸ்துமா, அடுக்குத் தும்மல்?"

"அப்பா தும்மினா தெருவுல வண்டியை ஓரம் கட்டுவாங்க."

"அப்போ குடும்ப வழியா வந்திருக்கலாம். தோலோட மேல் அடுக்கை இறுக்கமா வச்சுக்க ஒரு புரதம் வேணும். பிறவியிலேயே அது கொஞ்சமா சுரக்கிறவங்க உண்டு. எல்லாருக்கும் அதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன், நிறைய பேருக்கு அது ஒரு காரணம். அந்த அடுக்கு லூசா இருந்தா உள்ள இருக்கிற ஈரம் வெளிய போயிடும். வெளிய இருக்கிற தூசி, சோப்பு, கிருமி எல்லாம் உள்ள வரும்."

"வாஷர் போன வாட்ச்சுன்னு சொல்லுங்க."

"அதேதான்!" டாக்டரம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "இப்ப உள்ள காவல்காரங்க இருக்காங்கன்னு வச்சுக்கோங்க. கதவு திறந்தே கிடக்கறதால, திருடன் வராதப்பவும் விசில் ஊதறாங்க. அந்த விசில் நேரா அரிப்பு நரம்புல போய் விழுது. நீங்க சொறியறீங்க. தோல் இன்னும் கிழியுது. மறுபடி விசில்."

"ஆக, உள்ளயும் கச்சேரி, வெளியயும் கச்சேரி."

"எந்த விசிலை அமுக்கினா அரிப்பு அடங்கும்னு இப்ப கொஞ்ச வருஷமாதான் தெளிவா தெரிய வருது. ரொம்ப முத்தினவங்களுக்கு ஊசி வந்திருக்கு. பூசறதுக்கும் புதுசு புதுசா வருது. அதுல ஒண்ணைத்தான் நாங்க இங்க சோதிச்சுப் பாக்கறோம். உங்களுக்கு ரெண்டு மணிக்கட்டும் ஒரே மாதிரி இருக்கு, சேர்ந்துக்கறீங்களா?"

விஷயம் இதுதான். இரண்டு குழாய். வெள்ளை மூடி போட்டது இடது கைக்கு, கறுப்பு மூடி போட்டது வலது கைக்கு. ஒன்றில் புது மருந்து கலந்த களிம்பு, மற்றதில் மருந்து கலக்காத வெறும் களிம்பு. எது எதில் என்று அவனுக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. காலையும் மாலையும் பூச வேண்டும், குறித்த நாளில் வந்து கையைப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும், குழாயைத் திருப்பித் தர வேண்டும், ஒரு கைக்கு உள்ளதை இன்னொரு கைக்கு மாற்றிப் பூசக் கூடாது.

குழாயைக் கொடுத்த சிஸ்டர் ஒவ்வொன்றையும் ஒரு சின்னத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டே கொடுத்தாள். சிரிப்பையும் எடை போட்டுத்தான் செலவு பண்ணுவாள் போலிருந்தது. கிடார் குரலைத் தாழ்த்தினான்.

"சிஸ்டர், மருந்து இருக்கிறதை இடது கைக்குப் பாத்துக் குடுங்க. எனக்கு வலது கையால ஒரு பிரயோஜனமும் இல்ல."

"எதுல இருக்குன்னு எனக்கே தெரியாதுங்க."

"கடைக்காரருக்கே சரக்கு தெரியாத கடையை இப்பதான் பாக்கறேன்."

"கையில சோப்பு அதிகம் போடாதீங்க. அழுத்தித் தேய்க்காதீங்க. இறுக்கமா எதையும் கட்டாதீங்க. புரியுதா?"

கிடார் தலையை ஆட்டினான். அந்த ஆட்டலுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. அவன் காதில் விழுந்தது வெள்ளை மூடி, இடது கை என்கிற இரண்டு மட்டும்தான். மேஜை, மாடி, பெரிய சாலை எல்லாம் அந்த வெள்ளை மூடிக்குள் இருப்பதாக அவனுக்குப் பட்டது.

அன்றிலிருந்து இடது மணிக்கட்டுக்கு ராஜ உபசாரம் ஆரம்பமானது. சும்மா சொல்லக் கூடாது, சொந்த மாமனாரைக்கூட அவன் அப்படிக் கவனித்தது கிடையாது. சுவர்க் கடிகாரம் பார்க்க ஆள் வராத நேரமெல்லாம் கழிப்பறைக் குழாயில் அதைச் சோப்பு போட்டுக் கழுவினான். கழுவின பிறகு, மேஜைக் கண்ணாடி துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒரு துடை துடைத்தான். துண்டால் பளபளவென்று தேய்த்தான். பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று, கடையிலேயே கனமான இரும்புப் பட்டைக் கடிகாரம் ஒன்றை இரவல் வாங்கி முழுக்கைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு, மூலையில் நின்று காலி அட்டைப்பெட்டிகளுக்குத் திருப்பித் திருப்பிக் காட்டிப் பயிற்சி எடுத்தான். காலையும் மாலையும் வெள்ளை மூடிக் களிம்பைத் தாராளமாகப் பூசினான்.

வலது கை? கறுப்பு மூடியை அமுக்கி இரண்டு வேளையும் கடனே என்று பூசிவிடுவான். மற்றபடி அப்படி ஒரு கை இருக்கிறதா என்றே திரும்பிப் பார்த்தது கிடையாது.

வலது மணிக்கட்டு ஆறியது.

முதலில் சிவப்பு தணிந்தது. பிறகு வெடிப்பு மூடியது. அப்புறம் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை, பிறந்த குழந்தையின் கன்னம் மாதிரி மினுமினுக்கவே ஆரம்பித்துவிட்டது. இடது கையோ, இத்தனை உபசாரத்துக்கும் நன்றி இல்லாமல், பழைய ஏரியாகவே கிடந்தது. இன்னும் சொல்லப்போனால், ஏரி பெருத்திருந்தது.

சாயங்காலம் தையல் கூடத்தில் வேலை முடிந்து வந்த மனைவி, அவன் இரண்டு கையையும் நீட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"என்னங்க, எதையோ பறிகொடுத்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"தப்பான கை குணமாயிடுச்சும்மா."

"குணமானதுல தப்பு சரியெல்லாம் உண்டா?"

"வாட்ச் எந்தக் கையில கட்டறோம்? கறுப்பு மூடியிலதான் மருந்து இருக்கு. தலையெழுத்தைப் பாரு, அது போய் சோம்பேறிக் கைக்குச் சேர்ந்திருக்கு. இன்னியிலேருந்து கறுப்பை ரெண்டு கைக்கும் போடப் போறேன்."

"அவங்கதான் மாத்தக் கூடாதுன்னு சொன்னாங்களே?"

"ரெண்டும் என் கைதானே? வலது கை மருந்தை எடுத்து இடது கைக்குக் குடுத்தா அது திருட்டா?"

"கை உங்களுதுதான். மருந்து அவங்களுது." ஊசியில் நூல் கோப்பவள், பேச்சிலும் நேரே துளைக்குள் விடுவாள். "வேணும்னா டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டுப் போடுங்க."

"கேட்டா வேணாம்னுடுவாங்க."

"அப்போ உங்களுக்கே பதில் தெரிஞ்சிருக்கு."

பதில் தெரிந்தும் அவன் கறுப்பு மூடியைத் திறந்தான். திறப்பு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கைக்கும் கறுப்பே போனதில், கறுப்புக் குழாய் மளமளவென்று வற்றி அப்பளமாகத் தட்டையானது. வெள்ளைக் குழாய் அலமாரியில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. இடது கையில் அரிப்பு ஒரு பங்கு கூடியதே தவிர குறையவில்லை. மருந்து புது இடத்தில் பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும் என்று அவன் தனக்குத்தானே வைத்தியம் சொல்லிக்கொண்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில்தான் தராசு ஞாபகம் வந்தது. பாதி வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து, பற்பசைக் குழாயைச் சுருட்டுகிற மாதிரி வெள்ளைக் குழாயின் வாலைச் சுருட்டிவிட்டான். உள்ளே இருந்ததெல்லாம் முன்பக்கம் திரண்டு, குழாய் பந்தியில் எழுந்திருக்க மாட்டாமல் உட்கார்ந்திருக்கிற ஆளின் தொந்தி மாதிரி ஆனது. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உலகத்தில் யாரையும் ஏமாற்றத் துப்பில்லாமல் கடையில் மட்டும் எப்படி விற்றான் என்று யோசித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தான்.

சிஸ்டர் கறுப்பைத் தராசில் வைத்தாள். வெள்ளையை வைத்தாள். திரும்ப எடுத்துத் திரும்ப வைத்தாள்.

"இது ஏங்க இவ்வளவு கனமா இருக்கு?"

"ஈரத்துல ஊறியிருக்கும் சிஸ்டர்."

சுருட்டிய வாலைச் சிஸ்டர் நிதானமாக நீட்டிவிட்டு, டாக்டரம்மாவின் அறைக் கதவைக் காட்டினாள்.

டாக்டரம்மா திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மாத்திப் பூசினீங்களா?"

"ஆமாங்க."

"உங்களை இனிமே இந்த ஆராய்ச்சியில வச்சுக்க முடியாது. உங்க கையை நம்பி நாங்க ஒரு முடிவுக்கு வந்தா, நாளைக்கு இன்னொருத்தர் அதை நம்பிப் பூசுவாரு. அப்போ அவருக்கு யார் பதில் சொல்றது?"

கடையில் யாரையும் வாயால் மடக்குகிறவன், கழற்றி வைத்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றான். மாப்பிள்ளையாவது இந்த இடத்தில் "நல்லா ஓடும்" என்று ஏதாவது சொல்லியிருப்பான்.

"சரி, விடுங்க. உங்க வைத்தியத்தை நான் விட மாட்டேன். இடது கை இவ்வளவு மோசமா இருக்கே, அதை என்ன பண்றீங்க?"

அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நல்ல பேர் வாங்க ஒரு வாய்ப்பு. சோப்பு, ஸ்பிரிட், துண்டு, இரும்புப் பட்டை, அட்டைப்பெட்டிப் பயிற்சி என்று ஒன்றையும் விடாமல் பெருமையாகச் சொன்னான். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கடைசியில் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏங்க, நல்லா இருக்கிற தோலுக்கு இதெல்லாம் பண்ணினாலே கெட்டுப்போகும். உங்க தோலுக்குப் பண்ணலாமா?"

அடுத்த தடவை போனபோது இன்னொரு செய்தி காத்திருந்தது. ஆராய்ச்சியிலிருந்து வெளியே வந்துவிட்டதால், மேலே என்ன மருந்து கொடுப்பது என்று முடிவு செய்ய, அவனுடைய குழாய்களில் என்ன இருந்தது என்று மேலிடத்தில் அனுமதி வாங்கிப் பார்த்திருந்தார்கள்.

"கறுப்பு மூடியில மருந்தே இல்ல. வெறும் களிம்பு. மருந்து இருந்தது வெள்ளையில."

கிடார் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தான். வேண்டும் வேண்டும் என்று வேண்டிக்கொண்ட கைக்கே மருந்து வந்திருக்கிறது. வந்த மருந்தை அலமாரியில் கொழுக்க வைத்துவிட்டு, வெறும் களிம்பைத் திருடி இரண்டு கைக்கும் பூசியிருக்கிறான். திருடுகிறதைக்கூட ஒழுங்காகத் திருடத் தெரியவில்லை.

"அப்போ புது மருந்து வேலை செய்யாதுங்களா?"

"உங்க ஒரு கையை வச்சு அதைச் சொல்ல முடியாது. நீங்க அதுக்கு எங்க இடம் குடுத்தீங்க? மருந்து ஒரு பக்கம் கதவை மூட, நீங்க இன்னொரு பக்கம் சோப்பு போட்டுத் திறந்து விட்டீங்க. வலது கையை நீங்க சீண்டல. களிம்பை மட்டும் ரெண்டு வேளையும் போட்டீங்க. நிறைய பேருக்கு அதுவே பாதி வைத்தியம். ஆளுக்கு ஆள் இப்படி ஏதாவது நடக்கும்னுதான் நிறைய பேரைச் சேர்க்கறோம், ரெண்டு குழாய் குடுக்கறோம், யாருக்கும் சொல்லாம வைக்கறோம்."

"ஆக, நான் கண்டுக்காம விட்டதுதான் உருப்பட்டிருக்கு."

"அப்படியும் சொல்லலாம்."

"எங்கப்பாவும் என்னை இப்படிக் கண்டுக்காம விட்டிருக்கலாம்."

டாக்டரம்மா இடது கைக்குப் பழைய ரக ஸ்டீராய்டு மருந்து ஒன்றை எழுதினார். அதன் பேரைக் கேட்டதும் கிடார் பின்வாங்கினான். அதைப் போட்டால் தோல் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்துபோகும் என்று அத்தை சொல்லியிருந்தாள். "கண்டபடி மாசக்கணக்கா போட்டாதான் அந்தப் பயம். நான் சொல்ற அளவு, சொல்ற நாள் வரைக்கும் போடுங்க. அது முடிஞ்சதும் வெறும் களிம்பை விடாதீங்க. அப்புறம் முக்கியமா ஒண்ணு, மணிக்கட்டுல வாட்ச் கட்டாதீங்க."

"டாக்டரம்மா, நான் வாட்ச் விக்கிறவன்."

"வித்துக்கோங்க. யாரு வேணாங்கறா? கட்டிக்காதீங்க."

பஸ்ஸில் வரும்போதுதான் அவனுக்கு அது முழுசாக உறைத்தது. கை நன்றாக இருந்தால் மேஜை கிடைக்கும். மேஜை கிடைத்தால் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இரும்புப் பட்டையை மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். கட்டினால் கை போய்விடும். கை போனால் மேஜை போய்விடும். தன் புத்திசாலித்தனத்துக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு கிடைக்காது என்று ஜன்னலில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக் கும்பிடு போட்டான். முன் சீட்டுக்காரர் தனக்குத்தான் என்று நினைத்து அவரும் கும்பிட்டார்.

ஆனால் சொன்னபடி செய்தான். சோப்பை விட்டான், ஸ்பிரிட்டை விட்டான், அட்டைப்பெட்டிகளுக்கு விற்பதையும் விட்டான். மனைவி காலையும் மாலையும் எதிரில் உட்கார்ந்து, அவன் பூசி முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். சொறியக் கை போனால் அளவு நாடாவால் ஒரு தட்டு. திறப்பு நாள் வருவதற்குள் இடது மணிக்கட்டும் அடங்கி, லேசான தழும்பு நிறத்தோடு மனுஷ மணிக்கட்டாக ஆனது.

திறப்பு நாள் காலையில் முதலாளி, பழுது பார்ப்பவர் கண்ணில் இடுக்கிக்கொள்கிற பூதக்கண்ணாடியைத் தன் கண்ணில் இடுக்கிக்கொண்டு அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். முன்னே திருப்பினார், பின்னே திருப்பினார். வாங்குகிற கடிகாரத்தைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"தேறிட்டடா. போய் நில்லு. மேஜை உனக்குத்தான்."

மாப்பிள்ளைக்கு இதில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. பில் போடும் இடத்தில் போய் நிம்மதியாக உட்கார்ந்துகொண்டான்.

கடை நிறைந்தது. முதல் ஆளாக வந்தவர் குரல் கனத்த, நகை போட்ட ஒரு ஒப்பந்தக்காரர். உள்ளே இருப்பதிலேயே கனமான இரும்புக் கடிகாரத்தைக் காட்டினார். "அதை எடுத்துக் கட்டிக் காட்டுப்பா."

கிடார் எடுத்தான். பட்டையைத் திறந்தான். இடது கையை நீட்டினான். முதலாளி இரண்டடி தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். இதைக் கட்டினால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. நாளைக்கும் ஆகாது. அடுத்த மாதம் இந்த மேஜையில் மாப்பிள்ளை நிற்பான், இவன் ஏணியில் நிற்பான். கட்ட மாட்டேன் என்று சொன்னால் அடுத்த மாதம் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம்.

வாய் அவனைக் கைவிடவில்லை.

"ஐயா, இந்த வாட்ச்சை என் குச்சிக் கையில கட்டினா அதுக்குத்தான் அவமானம். இது முதலாளி ஜாதி வாட்ச். முதலாளி கையில பாத்தாதான் உங்களுக்கு எப்படி இருக்கும்னு தெரியும்." திரும்பினான். "முதலாளி, கொஞ்சம் கையைக் குடுங்க."

முதலாளிக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. எல்லாரும் பார்க்கிறார்கள். முதலாளி ஜாதி வாட்ச் என்று வேறு சொல்லிவிட்டான். கையை நீட்டினார். உலக்கை மாதிரி பருத்த, ரோமம் அடர்ந்த மணிக்கட்டில் கிடார் கடிகாரத்தைப் பூட்டி, விளக்கடியில் ஒரு திருப்புத் திருப்பினான். ஒப்பந்தக்காரர் தன் மணிக்கட்டையும் முதலாளியின் மணிக்கட்டையும் பார்த்தார். "பேக் பண்ணு" என்றார்.

அடுத்தவர் கேட்டார், "எனக்கும் அவரு கையிலயே காட்டுங்க." அதற்கடுத்தவரும் கேட்டார். முதலாளி முதலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். கூட்டம் ஏற ஏற, இரும்பு, தோல், ரப்பர், தங்கமுலாம் என்று பட்டை மாறி மாறி ஏறியது. உட்கார விடவில்லை. தண்ணீர் குடிக்கப் போனால், "முதலாளி, கை!" என்று கிடார் கூப்பிட்டான். அந்தக் கடைக்குப் பணம் போட்ட ஆள், சாயங்காலம் வரைக்கும் ஒரு மணிக்கட்டாக மட்டும் வேலை பார்த்தார்.

கதவு சாத்தும் நேரத்தில் வறட் வறட் என்று ஒரு சத்தம் கேட்டது. கிடார் பழக்க தோஷத்தில் தன் கையைப் பார்த்தான். அது சும்மாதான் இருந்தது. முதலாளி ஒரு ஓரமாக நின்று இடது மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தார். தோல் சிவந்து வரி வரியாக இருந்தது.

"டேய், ஒட்டாதுன்னு சொன்னியே!"

"சத்தியமா ஒட்டல முதலாளி. அது பட்டையும் வேர்வையும் தேய்ச்சது, நாளைக்குச் சரியாயிடும். உங்களுக்கு நல்ல தோல், ஒரு நாளைக்கே இப்படி. எனக்கு வாஷரே இல்லாத தோல். டாக்டரம்மா வாட்ச் கட்டவே கூடாதுன்னுட்டாங்க. காலையில சொன்னா மேஜை போயிடுமேன்னு சொல்லல."

முதலாளி சொறிவதை நிறுத்தாமல் அவனை முறைத்தார். அவன் மணிக்கட்டைப் பார்த்தார். தன் மணிக்கட்டைப் பார்த்தார். அன்று நடந்த வியாபாரத்தையும் நினைத்துப் பார்த்திருப்பார், அவருக்கு அந்த நினைப்பு எப்போதும் இருக்கும்.

"எங்கப்பா சட்டம் போட்டாரே தவிர, ஒரு நாளாவது தன் கையில கட்டி நின்னிருக்காரா? நாளையிலேருந்து வாங்கறவன் கையிலயே கட்டிக் காட்டு. வேர்வை பட்டா துடைச்சுக்கலாம். மேஜை உனக்குத்தான், போ."

"முதலாளி..."

"என்னடா?"

"நகத்தை வைக்காதீங்க. உள்ளங்கையால மெதுவா அமுக்குங்க. கைவசம் களிம்பு இருக்கு, தரட்டுமா?"

மறுநாள் காலையில் கடை திறந்ததும் ஒரு டீச்சர் வந்து கண்ணாடிக்குள் சின்னதாக ஒன்றைக் காட்டினார். கிடார் அதை எடுத்துத் துணியால் துடைத்து, பட்டையைத் திறந்து பிடித்துக்கொண்டான். இரண்டு மணிக்கட்டும் வெறுமையாக விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தன. டீச்சர் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

"கையை நீட்டுங்க டீச்சர்" என்றான். "எந்தக் கையா இருந்தாலும் சரி."